ஹோஸ் கொக்கியும் கேபிள் பிளேயரும்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

கார் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் (கூலன்ட்) ஓடும் ரப்பர் குழாய்களை, அதாவது ஹோஸ்களை, கழற்ற நான் வாங்கிய மூன்று கருவிகளைப் பற்றியது இது. முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2008 மாடல் சான்ட்ரோ ஜிங், 1,086 சிசி, பெட்ரோல். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது வாங்கியது. எங்கள் வீடு பூந்தமல்லியில். இந்த வண்டி பிறந்த ஹூண்டாய் ஆலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டை எங்களுக்கு அரை மணி நேரத் தூரம்தான். அப்பாவுக்கு இப்போது மூட்டுவலி, விரல்கள் சரியாக மடங்குவதில்லை. அதனால் வண்டி வேலை முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. எனக்குப் பிழைப்பு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பானெட் திறந்துவிடும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ரிசர்வாயர் தொட்டியில் கூலன்ட் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. வண்டியை நிறுத்திப் பானெட்டைத் தூக்கினால் லேசாக ஒரு இனிப்பு வாடை. டார்ச் அடித்துப் பார்த்தபோது, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில், அதை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்புக்கு வெளியே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கசிகிறதெல்லாம் இன்ஜின் சூட்டில் அங்கேயே காய்ந்துவிடுவதால் தரைக்கு வரவில்லை. ஹோஸை அமுக்கிப் பார்த்தேன். நடுவில் மெத்தென்று இருந்தது. முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் மட்டும் உள்ளே ஏதோ நெறுநெறுவென்று விரிசல் விடுவது விரலுக்குத் தெரிந்தது. பழைய ஹோஸ்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உள்பக்கமாக விரியும். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். விடாததற்குக் காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு ஒரு பணிமனையில் இதே வண்டியின் கீழ் ஹோஸை மாற்றக் கொடுத்தோம். ஹோஸ் வரவில்லை என்று பைப் ரெஞ்சைப் போட்டு ஒரே திருகு. ஹோஸோடு சேர்ந்து ரேடியேட்டரின் மூக்கும் அடியோடு ஒடிந்து வந்தது. ரேடியேட்டரின் நடுப்பகுதிதான் அலுமினியம். இரண்டு பக்கத் தொட்டியும், ஹோஸ் மாட்டும் மூக்கும் கண்ணாடி இழை கலந்த நைலான். பல வருடம் சூட்டிலேயே கிடந்தால் அது உலர்ந்த சுள்ளி மாதிரி ஆகிவிடும். 400 ரூபாய் ஹோஸுக்காகப் போன இடத்தில் 4,200 ரூபாய்க்கு ரேடியேட்டர் வாங்கினோம். அப்பா எதுவும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒடிந்த மூக்கை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். அது இன்னும் எங்கள் டூல் பெட்டியில் கிடக்கிறது.

அதனால் இந்த முறை நானே செய்வதென்று முடிவு செய்து, அதற்கென்றே மூன்று கருவிகள் வாங்கினேன். கடந்த எட்டு மாதத்தில் எங்கள் வண்டிக்கும், பக்கத்து வீட்டு ஆல்ட்டோவுக்கும், சித்தப்பாவின் வேகன்ஆருக்குமாக மொத்தம் பதினோரு ஹோஸ் கழற்றியிருக்கிறேன். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது.

கருவிக்கு முன்னால், ஹோஸ் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்ஜின் பக்கத்து மூக்கு அலுமினியம். கூலன்ட் பழசானால், அல்லது யாராவது போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால், ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவில் வெள்ளையாகத் துரு பூக்கும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் வாளியிலேயே உப்பு கட்டுகிறது, வண்டிக்குள் என்ன செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பூப்பு ரப்பரை இறுக்கிப் பிடிக்கும். அதோடு ரப்பரும் வருடக்கணக்கில் வெந்து வெந்து கெட்டியாகி, மூக்கின் விளிம்பில் இருக்கும் மேட்டைச் சுற்றி அதே வடிவத்தில் உறைந்துவிடுகிறது. இந்த நிலையில் ஹோஸைப் பிடித்து இழுத்தால் அது நீளும், நீண்டால் ஒடுங்கும், ஒடுங்கினால் இன்னும் இறுகும். கையில் இறுகிப்போன கண்ணாடி வளையலை யாரும் இழுத்துக் கழற்றுவதில்லை. சோப்பு போட்டு, உள்ளே வழுக்க வைத்து, மெல்லத் திருப்பித்தான் எடுப்போம். ஹோஸுக்கும் அதே கதைதான். முதலில் சுற்றிவர ஒட்டு விட வேண்டும், அப்புறம் திருக வேண்டும், இழுப்பது கடைசியில்தான்.

அந்த ஒட்டை விடுவிக்கத்தான் கொக்கி. இணையத்தில் நான்கு கொக்கி கொண்ட ஒரு சிறிய செட் 420 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்று நேர் முள், ஒன்று செங்கோணமாக வளைந்தது, ஒன்று அரைவட்டம், ஒன்று முழுக் கொக்கி. பிளாஸ்டிக் கைப்பிடி. பெட்டியைத் திறந்ததும் அப்பா ஒவ்வொன்றாக வாங்கி, முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுத்தார். நகத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. “இது ஊசிம்மா. இதை உள்ள விட்டா அலுமினியத்துல கோடு போட்டுரும். கோடு விழுந்த இடத்துல புது ஹோஸ் மாட்டினாலும் கசியும்” என்றார். கத்தி தீட்டும் எண்ணெய்க் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் மடங்காவிட்டாலும் உள்ளங்கையால் அழுத்தி, ஒவ்வொரு முனையையும் உருட்டி உருட்டித் தேய்த்தார். நான்கையும் முடிக்க முக்கால் மணி நேரம். மறுபடி நகத்தில் இழுத்தார். கோடு விழவில்லை, முனை சறுக்கிக்கொண்டு போனது. “இப்ப உள்ள விடலாம்.”

இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் செட்டுக்கு முழு மதிப்பெண் தர மாட்டேன். ஹோஸுக்கான கொக்கி என்று விற்கும்போது முனையை மழுக்கித்தான் விற்க வேண்டும். வாங்குகிற எல்லார் வீட்டிலும் லேத் ஓட்டியவர் இருக்க மாட்டார். செங்கோணக் கொக்கியின் கைப்பிடி மூன்றாவது ஹோஸிலேயே கம்பியைவிட்டுச் சுழல ஆரம்பித்தது. எபாக்சி பசை ஊற்றி ஒட்டிய பிறகு இன்றுவரை அசையவில்லை. கம்பி நல்ல எஃகு, வளைந்து போகவில்லை. சின்ன ஹோஸுக்கு, அதாவது ரிசர்வாயர் குழாய், இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடிக்குப் போகும் விரல் தடிமன் குழாய் போன்றவற்றுக்கு, அரைவட்டக் கொக்கியை மிஞ்ச எதுவும் இல்லை. பெரிய ரேடியேட்டர் ஹோஸுக்கு இந்தச் செட் போதாது.

பெரிய ஹோஸுக்கான கொக்கி எனக்குக் கிடைத்தது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். சென்னையில் கார் உதிரிபாகம் என்றால் அந்த ரோடுதான், பழைய பாகம் என்றால் புதுப்பேட்டை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய் நான்கு கடை ஏறி இறங்கினேன். முதல் மூன்று கடையில் அப்படி ஒரு சாமானே இல்லை என்றார்கள். நான்காவது கடையில் பெரியவர் ஒருவர் இருந்தார்.

“எந்த வண்டிக்கும்மா?”

“சான்ட்ரோண்ணே. ஹோஸ் கழட்டுற கொக்கி இருக்கா?”

“மெக்கானிக் யாரு?”

“நானேதான் கழட்டப் போறேன்.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டு கொக்கி கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று முழ நீளத்தில் முக்கால்வாசி இருக்கும், இன்னொன்று அதில் பாதி. “பெருசையே எடுத்துக்கம்மா. ஹீட்டர் ஹோஸுக்குக் கை போகாது, இது போகும்” என்றார். 280 ரூபாய். அட்டை இல்லை, பெயர் இல்லை, கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு கம்பி. முனையில் காது குடையும் குச்சி மாதிரி வளைந்து, நுனி உருண்டையாக, சப்பையாக இருந்தது. நகத்தில் இழுத்துப் பார்த்தேன். கோடு விழவில்லை. அந்த இடத்திலேயே பணத்தைக் கொடுத்தேன். நான் வாங்கிய மூன்றில் சிறந்தது இதுதான். மற்ற இரண்டையும் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன், இதைக் கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது, கேபிள் பிளேயர். பழைய ஹூண்டாய், மாருதி வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வருவது ஸ்பிரிங் கிளாம்ப். இரண்டு காதையும் சேர்த்து அமுக்கினால் வளையம் விரியும், விட்டால் இறுகும். மேலே பார்த்தபடி காது இருந்தால் அப்பாவின் பத்து அங்குல டபாரியா வாட்டர் பம்ப் பிளேயரே போதும், எங்கள் வண்டியில் இரண்டு கிளாம்பை அதை வைத்துத்தான் எடுத்தேன். காது கீழே திரும்பியிருந்தாலோ, பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒளிந்திருந்தாலோ பிளேயர் உள்ளே போகவே போகாது. கேபிள் பிளேயரில் கைப்பிடி ஒரு இடம், வாய் ஒரு இடம். நடுவில் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி இரண்டு அடிக் கேபிள். வாயைக் கிளாம்ப்பின் காதில் மாட்டிவிட்டு, வெளியே நின்று கைப்பிடியை அமுக்கலாம். பல் பல்லாக அமுங்கி அங்கேயே பூட்டிக்கொள்ளும், இரண்டு கையும் காலியாகிவிடும். இணையத்தில் 1,150 ரூபாய்.

அந்தப் பூட்டு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. இரண்டாவது தடவை பயன்படுத்தும்போது பல் நழுவி, விரிந்திருந்த கிளாம்ப் படாரென்று மூடி, பிளேயரின் வாயிலிருந்து தெறித்து பானெட்டில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், நல்லதாகப் போயிற்று. பிறகு பார்த்ததில் பல்லின் மேல் கிரீஸ் வழிந்திருந்தது. துடைத்துவிட்டு, அதன் பின் முழுவதும் அமுக்கி ‘டக்’ என்று இரண்டாவது சத்தம் வந்த பிறகே கையை எடுக்கிறேன். அதன் பின் நழுவவில்லை. ஆனால் கண்ணாடி இல்லாமல் இந்தக் கருவியைத் தொடாதீர்கள். எட்டாவது மாதத்தில் வாய்க்குப் பக்கத்தில் கேபிளின் இரண்டு இழை பிரிந்திருக்கிறது. இன்னும் ஒரு வருடம் வரும் என்று நினைக்கிறேன். சித்தப்பாவின் நண்பர் ஒருவரிடம் ஜெர்மன் க்னிபெக்ஸின் ஸ்பிரிங் கிளாம்ப் பிளேயர் இருக்கிறது, முனை சுழலும், கிளாம்ப் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் கவ்வும். ஒரு நாள் வாங்கிப் பயன்படுத்தினேன். கையில் அது உட்காரும் விதமே வேறு. விலையும் வேறு. தொழிலாகச் செய்பவருக்கு அது, வீட்டில் வருடத்துக்கு நான்கு கிளாம்ப் கழற்றுபவருக்கு இது போதும்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வண்டி முந்தைய இரவு முழுக்க நின்றிருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மூடிக்குள் அழுத்தம் இருக்கும்போது கூலன்ட் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். காலை ஆறரைக்கு மூடியைத் திறந்து, அடியில் துணி அலசும் பேசினை வைத்து வடித்தேன். தெருநாய் ஒன்று வாசலில் படுத்திருக்கும், அதனால் பேசினைப் பலகை போட்டு மூடினேன். கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், நாக்குக்கு இனிக்கும், நாய், பூனைக்குச் சிறிதளவே உயிரை எடுத்துவிடும். வடித்ததைக் கேனில் ஊற்றி, மூடியில் ‘விஷம்’ என்று எழுதிப் பரண் மேல் வைத்தேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்ததும் இன்ஜின் பக்கத்துக் கிளாம்ப் தெரிந்தது. கழற்றும் முன் கிளாம்ப் உட்கார்ந்திருந்த இடத்தைச் சாக்பீஸால் ஹோஸில் குறித்தேன். கேபிள் பிளேயர் அதை விரித்தது, ஹோஸின் நடுப்பக்கம் தள்ளிவிட்டேன். அப்புறம் கொதிக்காத வெந்நீரை ஒரு செம்பில் எடுத்து ஹோஸின் முனை மேல் மெல்ல ஊற்றினேன். ரப்பர் கொஞ்சம் இளகும். ஹாட் ஏர் கன் வேண்டாம், பக்கத்தில் பிளாஸ்டிக் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரை விளிம்பில் இரண்டு சொட்டு விட்டு, பெரிய கொக்கியின் சப்பை நுனியை ரப்பருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். போகவில்லை. சற்றுத் தள்ளி வைத்தேன். போகவில்லை. மூன்றாவது இடத்தில், அடிப்பக்கம், உப்புப் பூத்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, நுனி அரை நெல் அளவு உள்ளே ஏறியது. அந்த இடத்தை விடாமல் இன்னும் ஒரு சொட்டு சோப்பு. கம்பியைப் படுக்க வைத்து லேசாக நெம்பினேன். ‘பட்’ என்று ஒரு சின்னச் சத்தம், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கே கேட்டது. கம்பியை ஒட்டி ஒரே ஒரு பச்சைச் சொட்டு வெளியே வந்து நின்றது. உள்ளே தங்கியிருந்த கூலன்டுக்கு வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் ஒட்டு விட்டது.

“விட்டிருச்சா?”

“விட்டிருச்சுப்பா.”

அதன் பிறகு அவசரமே இல்லை. அந்த இடத்திலிருந்து கொக்கியை விளிம்போடு நகர்த்தி நகர்த்திச் சுற்றி வந்தேன். ஒரு சுற்று முடிய இருபது நிமிடம். கையால் ஹோஸைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகியபோது ஒரு மயிரிழை நகர்ந்தது, அடுத்த திருகலில் முழுதாகச் சுழன்றது. பிறகு தானாகக் கையில் வந்தது. மூக்கில் ஒரு கீறல் இல்லை.

ரேடியேட்டர் பக்கம் வேறு முடிவெடுத்தேன். அங்கே பிளாஸ்டிக் மூக்கு, எப்படியும் புது ஹோஸ் போடப் போகிறேன். பழையதைக் காப்பாற்ற என்ன அவசியம்? பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறினேன், முழு ஆழமும் போகாமல் முக்கால் ஆழம் மட்டும். பிறகு கொக்கியைக் கீறலுக்குள் விட்டு விரித்தால் மீதி ரப்பர் தானே கிழிந்து, வாழைப்பட்டை மாதிரி உரிந்துவந்துவிடுகிறது. பிளேடு மூக்கைத் தொடவே இல்லை. பழைய ஹோஸை மறுபடி போடப் போவதில்லை என்றால், கழற்றுவதற்காக மல்லுக்கட்டாமல் நேராக இப்படிச் செய்யுங்கள். ஹோஸ் மலிவு, மூக்குதான் விலை.

ஹீட்டர் ஹோஸ் இரண்டும் இன்ஜினுக்குப் பின்னால், கேபின் சுவரில் போய்ச் சேர்கின்றன. இங்கே நான் மிகவும் பயந்தேன், பயப்படவும் வேண்டும். அந்த இரண்டு குழாயும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோரின் (வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) குழாய். இங்கே முரட்டுத்தனமாக இழுத்து உள்ளே கோர் விட்டுவிட்டால், டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். கடைக்காரர் சொன்னது இங்கேதான் புரிந்தது. கை மணிக்கட்டு வரைக்கும்கூடப் போகாத இடத்தில் நீளக் கொக்கி நேராகப் போய் நின்றது. ஒரு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் கொக்கியை நெம்ப வேண்டும். ஒரு ஹோஸ் வந்துவிட்டது. இன்னொன்று ஒரு மணி நேரமாகியும் அசையவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, அதையும் கீறி உரித்தேன்.

மாட்டும்போது இரண்டு விஷயம். மூக்கைப் பச்சை நிறத் தேய்ப்பு நாரால் தேய்த்து வெள்ளைப் பூப்பை எடுத்தேன், விரல் நகம் தடவினால் தட்டக் கூடாது. புது ஹோஸ் வழுக்கி ஏற எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. இந்த ஹோஸ்கள் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். புது கூலன்டையே இரண்டு சொட்டு உள்ளே தடவினால் போதும். கடைக்காரர் திருகு கிளாம்ப் போட்டுக்கொள்ளச் சொன்னார், நான் பழைய ஸ்பிரிங் கிளாம்பையே சாக்பீஸ் குறியை அளந்து அதே இடத்தில் போட்டேன். இரவில் ரப்பர் குளிர்ந்து சுருங்கும்போது ஸ்பிரிங் கிளாம்ப் தானாக இறுகிக்கொள்ளும், திருகு கிளாம்ப் வைத்த இடத்திலேயே நிற்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. மூடியைத் திறந்தபடியே, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஓடவிட்டுக் காற்றுக் குமிழியை வெளியேற்றினேன். மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு அலுத்துப்போய்விட்டாள்.

வெட்டி எடுத்த மேல் ஹோஸை அப்பா பிளந்து பார்த்தார். கிளாம்ப் இருந்த இடத்துக்குச் சற்று உள்ளே, நீளவாக்கில் மெல்லிய விரிசல்கள், மரத்தின் பட்டை மாதிரி. உள்ளே இருக்கும் நூல் வலை தெரிந்தது. இந்தக் கோடை தாங்கியிருக்காது என்றார். அதையும் ஒடிந்த மூக்கோடு சேர்த்து டூல் பெட்டியில் போட்டார்.

மூன்றுக்கும் சேர்த்து 1,850 ரூபாய் ஆயிற்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அந்த 280 ரூபாய்க் கொக்கியை வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ‘ஹோஸ் ரிமூவர்’ என்று கேட்டதற்கு மூன்று கடையில் இல்லை என்று தலையாட்டினார்கள், ‘ஹோஸ் கழட்டுற கொக்கி’ என்றதும் நான்காமவர் உள்ளே போய் எடுத்துவந்தார். வாங்கும் முன் நுனியை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் வேறு கேளுங்கள்.